ஆலோசனைக்குக் கூலி தருபவர் யார்?

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையின் நடுவழியில் அமைந்த ஆலங்குளம், காய்கறிச் சந்தைக்கும் பீடி சுற்றும் பெண்களின் உழைப்புக்கும் பெயர் பெற்ற ஊர். கமிஷன் கடை வைத்திருக்கும் வணிகர்கள், பள்ளி ஆசிரியர்கள், வளைகுடா நாடுகளிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புவோர், தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் சோஹோ மென்பொருள் நிறுவனம் போன்ற இடங்களில் மாத ஊதியம் பெறும் இளைஞர்கள் எனப் பல வகையினரும் இன்று இந்த வட்டாரத்தில் சேமிக்கும் நிலையில் இருக்கிறார்கள். நிலம், நகை, சீட்டு, வங்கி வைப்பு என்ற அளவோடு முடிந்திருந்த தேர்வு, பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், பி.பி.எஃப்., என்.பி.எஸ். என்று விரிந்துவிட்டதால், எதை வாங்குவது, எங்கே போடுவது, எதைச் செய்தால் வரி மிச்சமாகும் என்று யாரிடமாவது கேட்டாக வேண்டிய தேவை எல்லோருக்கும் வந்திருக்கிறது. பதில் சொல்வதற்கு ஆட்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வருவாய், கேட்பவரிடமிருந்து வருவதில்லை. கேட்பவர் எதை வாங்குகிறாரோ அதை விற்கும் நிறுவனத்திடமிருந்து வருகிறது. சிறு முதலீட்டாளருக்குக் கிடைக்கும் ஆலோசனை ஏன் இப்படி இருக்கிறது என்பதை, சொல்பவரின் அறிவையும் நல்லெண்ணத்தையும்விட இந்த ஒரு செய்தியே அதிகமாக விளக்குகிறது.

பங்கு வாங்குவது தென்மாவட்டங்களுக்குப் புதிய பழக்கம் அன்று. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரம் பிள்ளையின் முயற்சியால் பதிவுபெற்ற சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி, பத்து லட்ச ரூபாய் மூலதனத்தைப் பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களிடம் விற்றது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட வேண்டும் என்ற வேட்கைதான் அந்தப் பங்குகளை விற்றுக்கொடுத்தது. பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியின் கட்டணப் போட்டியும் வ.உ.சி.யின் சிறைவாசமும் சேர்ந்து 1911இல் அந்நிறுவனத்தைக் கலைக்க வைத்தன. அடுத்த பத்தாண்டில், 1921இல், தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய அந்த வங்கியின் பங்குகள், சந்தையில் பட்டியலிடப்படாமலேயே, தென்மாவட்ட வணிகக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தன. 1990களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்தாரின் கைக்குச் சென்றதும், அவற்றை மீட்க வேண்டும் என்று சமூகத்தினர் ஓர் இயக்கமே நடத்தினார்கள். அவ்வங்கி பொதுப்பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது 2022 செப்டம்பரில்தான்.

இந்த இரு வரலாறுகளிலும் பங்கு வாங்கியவருக்கு வழிகாட்டியது நிறுவனத்தின் கணக்கேடு அன்று. சொன்ன மனிதர்மீதும் சார்ந்த சமூகத்தின்மீதும் வைத்த நம்பிக்கையே. அந்த நம்பிக்கை பழுதானது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு வங்கியை நூறாண்டு காலம் நிலைக்கச் செய்தது அதுதான். ஆனால் அதே நம்பிக்கைதான் இன்று காப்பீட்டு முகவராக வரும் உறவினரிடமும், யூடியூபில் பங்கின் பெயர் சொல்லும் முகம் தெரியாத இளைஞரிடமும் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுக்க வைக்கிறது. முன்பு பங்கு வாங்கச் சொன்னவரும் தம் பணத்தை அதே நிறுவனத்தில் போட்டிருந்தார் என்பதும், இன்று சொல்பவருக்குப் பெரும்பாலும் விற்பனைக் கமிஷன் ஒன்றே பங்கு என்பதும் கவனிக்க வேண்டிய வேறுபாடு.

பழைய பங்குகளைப் பற்றி ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. காகிதச் சான்றிதழாக உள்ள பங்குகளை 2019 ஏப்ரல் முதல் அப்படியே பிறர் பெயருக்கு மாற்ற இயலாது. முதலில் டீமேட் கணக்குக்கு, அதாவது பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் கணக்குக்கு, அவற்றைக் கொண்டுவர வேண்டும். தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின்படி முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றப்பட்டுவிடும். அவை அழிந்துபோவதில்லை, வாரிசுகள் உரிய சான்றுகளோடு விண்ணப்பித்து மீட்டுக்கொள்ளலாம். பாட்டனார் பெட்டியில் கிடக்கும் சான்றிதழ்களை எடுத்துப் பார்க்க இதுவே போதிய காரணம்.

2020 மார்ச் அளவில் நாடு முழுவதும் ஏறத்தாழ 4 கோடியாக இருந்த டீமேட் கணக்குகள், 2025இல் 20 கோடியைக் கடந்துவிட்டன. கொரோனாக் கால முடக்கமும், செல்பேசியிலேயே சில நிமிடங்களில் கணக்குத் தொடங்கும் வசதியும், 2022 மே மாதம் வந்த எல்.ஐ.சி. பொதுப்பங்கு வெளியீடும் இதற்குத் துணைசெய்தன. எல்.ஐ.சி. தன் பாலிசிதாரர்களுக்கென்று ஒதுக்கீடும் 60 ரூபாய் தள்ளுபடியும் தந்ததால், அதுவரை பங்குச்சந்தைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத குடும்பங்களும் டீமேட் கணக்குத் தொடங்கின. 949 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட அந்தப் பங்கு முதல் நாளிலேயே வெளியீட்டு விலைக்குக் கீழே வணிகமானபோது, பாலிசி வேறு, அந்தப் பாலிசியை விற்கும் நிறுவனத்தின் பங்கு வேறு என்பது பலருக்கு முதன்முறையாகப் புலப்பட்டது.

ஆலங்குளம் அளவுள்ள ஓர் ஊரில் ஒருவர் பண விஷயமாக யோசனை கேட்கக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். முதலில் நினைவுக்கு வருபவர் காப்பீட்டு முகவர். சேமிப்பும் காப்பீடும் கலந்த எண்டோமென்ட் வகைப் பாலிசிகளில் முதலாண்டுத் தவணையின் கால் பங்குக்கும் மேலான தொகை முகவருக்குக் கமிஷனாகச் செல்வது நெடுங்கால வழக்கம். வருமானம் ஈட்டுபவர் இறந்தால் மட்டுமே பணம் தரும் டேர்ம் பாலிசிக்குத் தவணை மிகக் குறைவு என்பதால், முகவருக்கு வரும் தொகையும் மிகக் குறைவு. அடுத்து வங்கிக் கிளை. அங்கே வைப்புத்தொகை போடச் செல்பவரிடம் காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் விற்பதற்கு ஊழியர்களுக்கு இலக்கு வைக்கப்படுகிறது. அஞ்சலக ஆர்.டி.க்கு மாதந்தோறும் வீடுதேடி வந்து பணம் பெறும் பெண் முகவர்களுக்கும் கமிஷன் உண்டு, அது சிறியது. ஆடிட்டர் எனப்படும் கணக்காளர் வரிக்கணக்குத் தாக்கல் செய்யத்தான் கட்டணம் வாங்குகிறார். முதலீட்டு யோசனை போகிறபோக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. இவர்களில் எவரையும் தீயவராகக் கருத வேண்டியதில்லை. எதை விற்றால் வீட்டில் அடுப்பு எரியுமோ அதை நல்லது என்று நம்பத் தொடங்குவது மனித இயல்பு.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரின் நிலையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். பலரிடம் திரட்டிய பணத்தை ஒரு நிறுவனம் பங்குகளிலோ கடன் பத்திரங்களிலோ முதலீடு செய்து, இலாப நட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடே மியூச்சுவல் ஃபண்ட். முன்பு முதலீடு செய்யும்போதே ஒரு பகுதி கட்டணமாகக் கழிக்கப்பட்டது. 2009 ஆகஸ்ட் முதல் அதை இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி தடைசெய்தது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு திட்டமும் இரு வடிவங்களில் கிடைக்கிறது: விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர், நேரடியாக வாங்கும் டைரக்ட். இரண்டிலும் வாங்கப்படும் பங்குகள் ஒன்றே, நிர்வகிப்பவரும் ஒருவரே. ரெகுலர் வடிவத்தில் விநியோகஸ்தருக்கு, முதலீடு இருக்கும் காலம் முழுவதும், ஆண்டுதோறும் ஒரு கமிஷன் முதலீட்டாளரின் பணத்திலிருந்தே செல்கிறது. பங்குசார் திட்டங்களில் அது ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள் போட்டு, ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்வதாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 49 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் சேரும்; 11 விழுக்காடாகக் கணக்கிட்டால் 43 லட்சத்து 28 ஆயிரம்தான் சேரும். இந்த வளர்ச்சி விகிதங்களுக்கு யாரும் உறுதி தர முடியாது. கணக்கு காட்டுவது இடைவெளியை மட்டுமே. அந்த ஆறு லட்சம் ரூபாய் யாருடைய பையிலிருந்து போனது என்பதற்கு எந்த ரசீதும் இல்லை.

அப்படியானால் எல்லோரும் டைரக்ட் வடிவத்துக்கு மாறிவிடலாமே என்ற கேள்வி எழும். சந்தை முப்பது விழுக்காடு வீழ்ந்த நாளில் பணத்தை எடுக்காமல் பொறுத்திருக்கச் சொன்னவர், குடும்பத்தலைவர் இறந்தபின் வாரிசுப் பெயர் மாற்றத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர், கையெழுத்துப் போடத் தடுமாறும் முதியவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் ஆகியோர் பெறும் கமிஷன் உழைத்துப் பெற்ற கூலியே ஆகும். அத்தகைய துணை தேவைப்படுபவர் அதற்கு விலை கொடுப்பதில் தவறில்லை. எவ்வளவு கொடுக்கிறோம், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை அறியாமல் கொடுப்பதுதான் தவறு. அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முதலீட்டாளருக்கு உரிமை உண்டு. சொல்ல விநியோகஸ்தருக்குக் கடமை உண்டு.

கேட்பவரிடமே கட்டணம் பெற்று, எந்தப் பொருளையும் விற்காமல் யோசனை மட்டும் சொல்லும் ஒரு வகையினரையும் சட்டம் உருவாக்கியிருக்கிறது. செபியின் முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகள் 2013 ஜனவரியில் வெளியாயின. அவற்றின்படி பதிவு பெற்றவருக்கு ஐ.என்.ஏ. என்று தொடங்கும் பதிவு எண் தரப்படும். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் சொல்லி, கமிஷனுக்குப் பொருளும் விற்பதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்தது. நிலைக்கட்டணமாக ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் பெறக்கூடாது என்ற உச்சவரம்பும் இருக்கிறது. குறிப்பிட்ட பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று ஆய்வறிக்கை தருபவர்களுக்கு 2014 முதல் தனி விதிமுறைகள் உள்ளன. அவர்களது எண் ஐ.என்.எச். என்று தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரிடம் இருப்பது ஏ.ஆர்.என். என்ற எண். அது விற்பதற்கான அனுமதி மட்டுமே. ஒருவர் தம் பெயர்ப் பலகையில் என்ன பட்டம் போட்டிருந்தாலும், அவர் கையில் உள்ள எண் எந்த எழுத்துகளில் தொடங்குகிறது என்று சரிபார்த்துவிட்டால் அவருக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

இந்த நல்ல ஏற்பாட்டின் பெருங்குறை, அது மக்களைச் சென்றடையவில்லை என்பதே. இருபது கோடி டீமேட் கணக்குகள் உள்ள நாட்டில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அவர்களும் பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். மாதம் மூவாயிரம் சேமிக்கும் ஒருவருக்கு, ஆலோசனைக்கென்று ஒரே தவணையில் பத்தாயிரம் எடுத்துக் கொடுக்க மனம் ஒப்புவதில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டணம் பெரிதாகவும், கண்ணுக்குத் தெரியாத கமிஷன் இலவசமாகவும் தோன்றுகின்றன. 2024 டிசம்பரில் ஆலோசகராவதற்கான தகுதி விதிகளைச் செபி தளர்த்தியது. அதனால் தென்காசி போன்ற மாவட்டங்களில் நாலைந்து பேராவது இத்தொழிலுக்கு வந்தால் பெரும் பயன் விளையும்.

அந்த வெற்றிடத்தைச் செல்பேசித் திரை நிரப்பியிருக்கிறது. யூடியூபில் தமிழ் மக்களிடையே பெயர் பெற்ற சென்னை வர்த்தகர் பி.ஆர்.சுந்தரும் அவரோடு தொடர்புடைய நிறுவனமும், பதிவு பெறாமல் கட்டண ஆலோசனைச் சேவை நடத்தியதாகச் செபி தொடங்கிய நடவடிக்கை, 2023 மே மாதம் சமரச ஆணையாக முடிந்தது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், ஈட்டிய தொகையை வட்டியோடு சேர்த்து 6 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிச் செலுத்தவும், சமரசத் தொகை கட்டவும், ஓராண்டு காலம் பங்கு வணிகத்திலிருந்து விலகியிருக்கவும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் வெளியான சுற்றறிக்கை, பங்குச்சந்தைக் கல்வி என்ற பெயரில் பாடம் நடத்துபவர்கள் மூன்று மாதத்துக்கு முந்தைய விலை விவரங்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்றது. பாடம் என்ற போர்வையில் அன்றைய வாங்கல் விற்பனைக்குக் குறிப்புத் தருவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

இத்தகைய குறிப்புகள் பெரும்பாலும் இழுத்துச் செல்வது எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, விருப்பத்தேர்வு ஒப்பந்தங்களுக்குத்தான். பங்கையே வாங்காமல், அதன் விலை குறிப்பிட்ட நாளுக்குள் ஏறுமா இறங்குமா என்பதன்மீது சிறு தொகை கட்டிப் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் செய்துகொள்வதே இது. 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளைச் செபி ஆராய்ந்தபோது, இதில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்திருந்தனர். மொத்த இழப்பு 1,80,000 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. பத்தில் ஒன்பது பேர் தோற்பது உறுதியான ஒன்றை முதலீடு என்ற பெயரால் அழைப்பதே பெரும் தீங்கு.

பங்குச்சந்தையின் பெயரைக்கூடச் சொல்லாமல் பணம் திரட்டியவர்களின் கதை இன்னும் கொடியது. மாதத்துக்கு 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு நிறுவனத்திடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 2,438 கோடி ரூபாய் போட்டு ஏமாந்தது 2022இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்த முகவர்களில் பலர் முதலீட்டாளர்களின் சொந்தபந்தங்களே. இத்தகைய வழக்குகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் நலன் காக்கும் தனிச் சட்டம் உள்ளது. காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவில் அதன்கீழ்ப் புகார் தரலாம். இணையவழி மோசடியாக இருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைப்பது பணத்தை முடக்கிவைக்க உதவும்.

இனி வரி. அரசு சில சேமிப்புகளுக்கு மூன்று இடங்களில் வரிச்சலுகை தரக்கூடும்: பணத்தைப் போடும்போது வருமானத்தில் கழிவு, வளரும்போது வட்டிக்கு விலக்கு, எடுக்கும்போது முழுத்தொகைக்கும் விலக்கு. மூன்று சலுகைகளும் கிடைத்த திட்டங்களுள் தலையானது 1968இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.பி.எஃப். ஆண்டுக்குக் குறைந்தது 500, அதிகபட்சம் 1,50,000 ரூபாய் போடலாம். பதினைந்து ஆண்டுகள் கழித்து முழுவதும் எடுக்கலாம், ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கவும் செய்யலாம். 2020 ஏப்ரலில் 7.1 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட வட்டி, அதன்பின் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மாறவில்லை. அந்த விகிதத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் முழுத்தொகையும் போட்டுவந்தால், போட்ட 22,50,000 ரூபாய் பதினைந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 40,68,000 ஆகும். மாதத்தின் 5ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே வட்டி கணக்கிடப்படுவதால், 5ஆம் தேதிக்குள் பணம் செலுத்துவது நன்று. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் 2015 முதல் தொடங்கப்படும் செல்வமகள் சேமிப்புத் திட்டமும் இதே வகையைச் சேர்ந்தது. 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாழும் உறவினர்கள் சொல்லும் வரிச்சலுகைக் கணக்குகள் இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறானவை. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஐ.ஆர்.ஏ., 1978ஆம் ஆண்டுச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த பிரிவின் எண்ணால் அழைக்கப்படும் 401கே, 1999இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஐசா ஆகியவை வெறும் பாத்திரங்கள். உள்ளே வங்கி வைப்பை ஊற்றுவதா, பங்கை ஊற்றுவதா என்பது கணக்கு வைத்திருப்பவரின் விருப்பம். பி.பி.எஃப்.பில் பாத்திரமும் உள்ளிருப்பதும் ஒன்றே. வட்டியை அரசு முடிவு செய்கிறது. பங்குகளை நேரடியாக வாங்கும் புதியவர்களுக்கு வரிக்கழிவு தர 2012இல் தொடங்கிய ராஜீவ் காந்தி பங்குச் சேமிப்புத் திட்டம், யாருக்குத் தகுதி, எந்தப் பங்கு சேரும், எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளின் சிக்கலால் மக்களிடம் எடுபடாமல், 2017ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையோடு கைவிடப்பட்டது. பங்கையும் வரிச்சலுகையையும் இணைத்து இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானவை இரண்டு: மூன்றாண்டுகள் எடுக்க முடியாத இ.எல்.எஸ்.எஸ். வகை மியூச்சுவல் ஃபண்ட், 2009 மே மாதம் முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறக்கப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ். மாதத் தவணையாக இ.எல்.எஸ்.எஸ்.ஸில் போடுபவர்கள், மூன்றாண்டு என்பது ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியே எண்ணப்படும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, இத்தகைய சேமிப்புகளுக்கு 1,50,000 ரூபாய் வரை கழிவு தந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை ஊரெங்கும் பாலிசிகள் விற்கப்பட்டதற்கு அந்தப் பிரிவே காரணம். ஆனால் 2020இல் அறிமுகமாகி, 2023-24 முதல் தானாகவே பொருந்தும் புதிய வரிமுறையில் அந்தக் கழிவு கிடையாது. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை, இப்புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரியே இல்லாமல் செய்தது. ஊதியம் பெறுபவர்களுக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாயும் சேர்ந்து அது 12,75,000 ஆகிறது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவெண்கள் மாறினாலும், இந்த இரட்டை முறை தொடர்கிறது.

ஆலங்குளத்தில் இதன் பொருள் என்ன? பீடி சுற்றும் பெண்ணுக்கு வருமான வரி வரும் அளவுக்குக் கூலி இல்லை. கத்தரியும் தக்காளியும் பயிரிடும் விவசாயியின் வேளாண் வருமானத்துக்குச் சட்டப்படியே வரி இல்லை. ஆண்டுக்கு ஒன்பது லட்சம் ஈட்டும் கடைக்காரருக்குப் புதிய முறையில் வரி இல்லை. வளைகுடாவில் வேலை செய்பவர், வெளிநாட்டில் வசிப்பவர் என்ற தகுதி உள்ளவரை, அங்கு ஈட்டும் ஊதியத்துக்கு இந்தியாவில் வரி கட்டுவதில்லை. அவர் புதிதாகப் பி.பி.எஃப். கணக்குத் தொடங்கவும் முடியாது, ஏற்கெனவே இருப்பதை முதிர்வுவரை மட்டுமே தொடரலாம். எஞ்சுபவர் உயர் ஊதியக்காரர். ஆண்டுக்கு 15 லட்சம் பெறும் ஒருவர் பழைய முறையில் 80சி கழிவை முழுமையாகப் பயன்படுத்தினாலும், 2025-26ஆம் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 2,10,600 ரூபாய். எதையும் வாங்காமல் புதிய முறைக்குச் சென்றால் 97,500 ரூபாய். பெரிய வீட்டுக்கடன் வட்டியும் வீட்டு வாடகைப்படிக் கழிவும் சேர்ந்து வருகிற நகரவாசிக்கே பழைய முறை இலாபமாக அமையக்கூடும். சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே வரி மிச்சமாகும் என்று சொல்லி இவ்வூரில் விற்கப்படும் பாலிசிகளில் பெரும்பாலானவை, இல்லாத நோய்க்குத் தரப்படும் மருந்துகள். பி.பி.எஃப்., செல்வமகள் ஆகியவற்றின் வட்டிக்குப் புதிய முறையிலும் விலக்கு உண்டு என்பதால் அவற்றின் மதிப்பு குறையவில்லை. இ.எல்.எஸ்.எஸ்.ஸுக்கோ, பணத்தைப் பூட்டிவைப்பதைத் தவிர மற்றப் பங்கு ஃபண்டுகளிலிருந்து வேறுபாடு ஏதும் எஞ்சவில்லை.

பங்கு விற்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 12 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை, பங்கு விற்ற இலாபத்துக்குப் பொருந்தாது. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்குள் விற்ற பங்கின் இலாபத்துக்கு 20 விழுக்காடும், அதற்குமேல் வைத்திருந்து விற்றதில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாயைத் தாண்டிய இலாபத்துக்கு 12.5 விழுக்காடும் வரி. எட்டு லட்சம் ஊதியம் பெற்று, ஊதியத்துக்கு ஒரு ரூபாயும் வரி கட்டாத ஆசிரியர், சில மாதங்களே வைத்திருந்த பங்கில் 50,000 ரூபாய் இலாபம் கண்டால், மேல்வரியோடு 10,400 ரூபாய் கட்ட வேண்டியவராகிறார்.

இந்த வட்டாரத்தில் மிகப் பலரிடம் இருக்கும் வரிச்சலுகைக் கணக்கு, எவரிடமும் ஆலோசனை கேட்காமலேயே வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவர்களும் தொழிலாளர்களே, அவர்களுக்கும் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் பி.எம்.படேல் வழக்கில் தீர்ப்பளித்தது. பீடித் தொழிலில் கூலியின் 10 விழுக்காடு தொழிலாளரிடமும் அதே அளவு உரிமையாளரிடமும் பிடிக்கப்படுகிறது; உரிமையாளர் பங்கின் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகளுக்கு இந்நிதி தந்த வட்டி 8.25 விழுக்காடு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட பணிக்குப்பின் எடுக்கும்போது வரியும் இல்லை. 2015 ஆகஸ்ட் முதல் வருங்கால வைப்பு நிதி அமைப்பு, தனக்கு வரும் புதிய பணத்தில் ஒரு பங்கை, முதலில் 5 விழுக்காடும் 2017 முதல் 15 விழுக்காடும் என, பங்குச்சந்தைக் குறியீட்டு ஃபண்டுகளில் போட்டுவருகிறது. நாட்டின் ஐம்பது பெரிய நிறுவனங்களின் இலாபத்தில் ஆலங்குளத்துப் பீடித் தொழிலாளிக்கும் ஒரு துளி பங்கு அவ்வழியே வருகிறது. தனி ஃபண்ட் ஒன்றை அவரிடம் விற்பதற்கு முன், அவரிடம் ஏற்கெனவே இருப்பதை அவருக்கு விளக்குவதே நேர்மையான ஆலோசனை.

விளக்க வேண்டியவை எளியவை, ஆனால் அவசரமானவை. ஆதாரில் ஒரு பெயரும் கம்பெனிப் பதிவேட்டில் வேறொரு பெயருமாக இருந்தால், எத்தனை ஆண்டுகள் சேர்ந்த பணமும் கைக்கு வரத் தாமதமாகும்; தந்தை பெயருக்கும் கணவர் பெயருக்கும் இடையே நேரும் குழப்பமும், பிறந்த தேதிப் பிழையும் இன்றே திருத்தப்பட வேண்டியவை. யு.ஏ.என். எனப்படும் பொதுக் கணக்கு எண்ணை அவர் அறிந்திருக்க வேண்டும். வாரிசு நியமனத்தை அந்த எண் வழியே இணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பணியிலிருக்கும் உறுப்பினர் இறந்தால், 1976 முதல் நடைமுறையிலுள்ள வைப்புடன் இணைந்த காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடும். இதற்கென்று தொழிலாளரிடம் தனித் தவணை ஏதும் பிடிக்கப்படுவதில்லை. இந்தத் திருத்தங்களுக்கும் கோரிக்கைகளுக்கும் திருநெல்வேலி மண்டல அலுவலகத்தை அணுகலாம். 2023 ஜனவரி முதல் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைதீர் முகாம் நடத்தப்படுகிறது. அதில் கலந்துகொள்ளக் கட்டணம் இல்லை.